வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

நர்ஸ் கதவை இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலை நிலைச்சட்டத்தில் ஊன்றி இழுத்தாள். கதவு 'டக்'கென்று ஒரு விரல்கடை அசைந்து அப்படியே நின்றுவிட்டது. உள்தாழ்ப்பாள் திறந்துதான் இருந்தது. அதையும் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பகல் தூக்கம் பறிபோய் மாதக்கணக்காகிறது. அவள் மண்டையை அவளே நம்புவதில்லை.

"மேடம், வெளியே தாழ்ப்பாள் போட்டிருக்காங்க."

சோபாவில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த ஸ்டெனோ அம்மா கண்ணைத் திறக்காமலே, "நல்லது" என்றாள்.

"எது நல்லது?" என்று அவளுடைய உதவியாளன் துள்ளி எழுந்தான். "நம்மளை உள்ள வச்சுத் தாழ்ப்பாள் போட்டிருக்கான் ஒருத்தன். இதுல எது மேடம் நல்லது? ஃபேன் ஓடுதே, அதுவா?"

"நம்மளை இல்ல. நாம இருக்கிறது அவனுக்குத் தெரியாது. நாம பின்படி ஏறி வந்தோம். அவன் இந்தப் பொண்ணைத்தான் போட்டு அடைச்சிருக்கான். பயந்தவன்தான் அடைப்பான்."

இவளைப் பற்றி ஒரு வார்த்தை. கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதியே தலை நரைத்தவள். சாட்சிக் கூண்டில் நின்று அளந்துவிட்ட பொய்களைச் சொல்லுக்குச் சொல் எழுதி எழுதிக் காது பழுத்துப்போய், ஓய்வு பெற்ற பிறகு துப்பறிய வந்தவள். பூதக்கண்ணாடி, கைரேகை என்றெல்லாம் யாராவது ஆரம்பித்தால் கொட்டாவி விடுவாள். உதவியாளன் முன்பு வீடு வீடாகப் போய்த் துடைப்ப மெஷின் விற்றவன். அவனுக்கு 'வால்' என்ற பெயரைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துவிட்டார்கள். வைத்தவர்கள் தீர்க்கதரிசிகள்.

"நாலு மணிக்கு மீட்டிங் மேடம்" என்றாள் நர்ஸ். "இன்னும் அரை மணி கூட இல்ல. நான் போகலைன்னா அவ்வளவுதான். எல்லாரும் சேர்ந்து என்னைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. ஓனரும் சொல்லிட்டார், 'எல்லாரும் ஒரே குரல்ல சொன்னா நான் என்னம்மா பண்றது'ன்னு."

விஷயம் இதுதான். அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி. பகலில்தான் தூங்க வேண்டும். அவள் கண் அசந்த அடுத்த நிமிஷம் எங்கிருந்தோ 'தொம், தொம்' என்று இடி ஆரம்பிக்கும். எழுந்து உட்கார்ந்தால் நின்றுவிடும். மேல் வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு வெளியூர் போயிருக்கிறார்கள். அங்கே பல்லியைத் தவிர ஆள் கிடையாது. அதோடு போயிற்றா? வாசலில் யாரோ குப்பைப் பையை அவிழ்த்துக் கொட்டுகிறார்கள். மாமனாரின் சக்கர நாற்காலியை மாடிப்படி ஓரத்தில் வைத்தால் டயரில் காற்று இருப்பதில்லை. போன வாரம் கொடியில் காய்ந்த யூனிஃபார்ம் கொடியோடு அறுந்து சாக்கடையில் கிடந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், புகார் அவள் மேல்! கீழ் வீட்டுக் கான்ட்ராக்டர்தான் புகார்தாரர். அவள்தான் பகல் முழுக்க எதையோ போட்டு இடிக்கிறாளாம், அவரால் தலை வைத்துப் படுக்க முடியவில்லையாம். தலைக்குக் கறுப்புச் சாயம் பூசிய அந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் மூச்சு வாங்க மேலே ஏறி வந்து கத்துவார். தலை முழுக்க வெள்ளை வெள்ளையாய் உதிர்ந்திருக்கும். வந்தவரிடம் சண்டை போடத் தெரியாத நர்ஸ், "சார், பொடுகு அதிகமா இருக்கே" என்று ஒரு ஷாம்பூ பெயரைக் கூடச் சொல்லி அனுப்பினாள். அவள் சுபாவம் அது.

வீட்டை விட்டு ஓடிவிடலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. கணவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருஷத்துக்கு ஒரு முறை கரை ஏறுவான். மாமனார் பக்கவாதத்தில் விழுந்து உள்ளறையில் படுத்த படுக்கை. பேச்சு போய்விட்டது. இடது கையில் இரண்டு விரல் மட்டும் அசையும். எத்தனை வீடு பார்த்திருப்பாள்! "படுத்த படுக்கையா? வேற யாருக்கோ பேசி வச்சிருக்கோம்மா" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துவார்கள். போன வாரம் தூக்கக் கலக்கத்தில் ஒரு நோயாளிக்கு வேறொருவரின் ஊசியை எடுத்துவிட்டாள். பக்கத்திலிருந்தவள் கையைப் பிடித்ததால் தப்பியது. அன்று வீட்டுக்கு வந்து பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். இருக்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"போலீஸைக் கூப்பிடலாமா மேடம்?" என்றான் வால்.

"கூப்பிடு. 'இந்த வீட்டுக்குப் போலீஸ் வந்துச்சு'ன்னு கீழே ஒரே வரியில தீர்ப்பு எழுதிடுவாங்க. அசோசியேஷன் செக்ரட்டரிக்கு நீ ஒரு போன் போடும்மா."

நர்ஸ் போட்டாள். அவர், "எதுவா இருந்தாலும் மீட்டிங்ல பேசிக்கலாம்மா" என்று அவள் வாயைத் திறக்கும் முன்பே வைத்துவிட்டார்.

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. நர்ஸ் கதவில் வாயை வைத்தாள். "டீச்சர்! டீச்சர், நீங்கதானே? கொஞ்சம் தாழ்ப்பாளைத் திறந்துவிடுங்க!"

காலடி நின்றது. பக்கத்து வீட்டு டியூஷன் டீச்சர்தான். அவள் மூச்சு விடுவது கூடக் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"டீச்சர், ஒரு கை வச்சா போதும்."

"எனக்கு எதுக்கும்மா வம்பு?" குரல் கிசுகிசுத்தது. "யார் போட்டாங்கன்னும் என்னைக் கேக்காத. என் வீட்டுக்குப் பிள்ளைங்க படிக்க வராங்க. அவங்க சத்தம் போடுறாங்கன்னு சொல்லி டியூஷனையே நிறுத்திடுவேன்னு மிரட்டியிருக்கார். நீயே எப்படியாவது... நான் கீழே போறேன்மா. போகலைன்னா அதுக்கும் கேப்பார்."

காலடி விலகிப் போயிற்று. நர்ஸ் கதவில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையை நீட்டியிருந்தால் போதும், அவள் திறந்திருக்கலாம். எதிரி அடைத்துப் போட்டதைவிட, ஒரு பகையும் இல்லாத ஒருத்தி திறக்காமல் போனதுதான் அவளுக்கு வலித்தது.

"அவர், அவர்னு யாரைச் சொல்றாங்க?" என்றான் வால்.

"கான்ட்ராக்டரைத்தான். அவரைப் பாத்தா எல்லாருக்கும் பயம். ஆனா அவர் எதுக்கு என்னை அடைக்கணும்? நான் போனா நேருக்கு நேர் நாலு வார்த்தை திட்டலாமே, அதுதானே அவருக்குப் பிடிக்கும்?"

அப்போது ஆரம்பித்தது. தொம். தொம். தொம்.

வால் சட்டென்று கூரையைப் பார்த்தான். "மேல் வீட்டுப் பல்லி ரொம்ப வளர்ந்திருக்கு சிஸ்டர்."

நர்ஸ் காதைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, கீழே ஆளுங்க வர ஆரம்பிச்சிருப்பாங்க. நான்தான் இடிக்கிறேன்னு நினைப்பாங்களே!"

உள்ளறையில் மாமனார் 'ம்... ம்...' என்று முனகினார். நர்ஸ் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினாள். கிழவர் இடது கை விரலைக் கட்டிலுக்கு வெளியே நீட்டி, கீழே, கீழே என்று காட்டிக்கொண்டிருந்தார். அவள் கட்டிலுக்கு அடியில் குனிந்து பெட்பேனை எடுத்தாள். அவர் தலையை ஆட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"எப்பவும் இப்படித்தான் மேடம். சத்தம் வந்தா போதும், பயத்துல இவருக்கு ஒண்ணுக்கு வந்துடும். பெட்பேன் வச்சா போக மாட்டார், கோவம் மட்டும் வரும்."

ஸ்டெனோ அம்மா கதவோரம் நின்று கிழவரின் விரலைப் பார்த்தாள். பிறகு கூடத்துக்குத் திரும்பினாள்.

"அந்தப் புகாரைப் போடு. செக்ரட்டரி உனக்கு அனுப்பினாரே, அந்த ஆள் பேசினது."

"காலையிலேர்ந்து நாலு தடவை கேட்டாச்சு மேடம்" என்றான் வால். "எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. இனிமே கல்யாண வீட்டுல பாடச் சொன்னா பாடுவேன்."

நர்ஸ் போனை மேஜையில் வைத்துத் தட்டினாள். கான்ட்ராக்டரின் கரகர குரல் வந்தது.

"செக்ரட்டரி சார், என்னால முடியல சார். வயசான காலத்துல மனுஷன் நிம்மதியா படுக்கணுமா வேண்டாமா? பகல்னா பகல் பூரா இடி. நான் கட்டிடம் கட்டுனவன் சார், எனக்குத் தெரியும். ஒரு தட்டு தட்டுனா போதும், சத்தம் அப்படியே தூணைப் பிடிச்சு நேரா பெட்ரூமுக்குப் போகுது. கட்டில் கால் வரைக்கும் போகுது. தூங்குற ஆளைத் தூக்கிவாரிப் போடுது சார். இப்படி இருந்தா யார் குடியிருக்க முடியும்? நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க."

"பாவமாத்தான் இருக்கு" என்றான் வால். "வசனம் எழுதினா பொழைச்சுக்குவார்."

"வால், இங்க வா. இப்ப நான் தும்மினா, அந்தச் சத்தம் உன் காதுக்கு என்ன ஆகுது?"

"வருது."

"இந்தப் பொண்ணு காதுக்கு?"

"போகுது."

"ஏன், உன் காதுக்குப் போகுதுன்னு சொல்லேன்."

"அது எப்படி மேடம்? என் காது என்கிட்டதானே இருக்கு. என்கிட்ட வரத்தானே செய்யும்? எங்கிருந்து கிளம்புதோ அங்க நிக்கிறவன்தானே போகுதுன்னு..." வால் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டான்.

"சொல்லு. பாதியில நிறுத்தாத."

"அடப்பாவி!" என்றான் வால்.

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்டெனோ அம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

"இடி அவர் தலையில விழுந்திருந்தா, 'என் பெட்ரூமுக்கு வருது, என் கட்டிலுக்கு வருது'ன்னு சொல்லியிருப்பார். தூங்கிட்டிருந்தவன் யாரும் போகுதுன்னு சொல்ல மாட்டான். இவர் ரெண்டு தடவை போகுதுங்கிறார். யார் பெட்ரூமுக்கும்மா போகுது? உன் பெட்ரூமுக்கு. இடியை அனுப்புற இடத்துல நின்னுக்கிட்டுப் பேசுறார். கட்டிடம் கட்டுன பெருமை வேற, எந்தத் தூணைப் பிடிச்சு எங்க போகுதுன்னு வழியும் சொல்லிட்டார்."

"அப்ப... அவரே அவர் கூரையை இடிச்சுக்கிறாரா?"

"உன்னை எழுப்புறதும் அவர்தான். எழுந்த உன்மேல புகார் சொல்றதும் அவர்தான்."

"மேடம், மேடம்" என்றான் வால். "பேசுறப்ப வாய் தவறியிருக்கலாம். ஒரு 'போகுது'வை வச்சு ஒருத்தரைத் தூக்கில போடலாமா?"

"போட முடியாது. அதனாலதான் இன்னொரு சாட்சி வச்சிருக்கேன். உள்ள படுத்திருக்காரே, அவர். அவர் கட்டில் கால் தரையில நிக்குது. எங்கேயிருந்து வருதுன்னு உடம்பால தெரியுது. மாசக்கணக்கா விரலை நீட்டிக் கீழே, கீழேன்னு காட்டுறார். இந்தப் பொண்ணு பெட்பேனை எடுத்து நீட்டுறா."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ எதைப் பாத்தாலும் வியாதியாவே பாக்குறம்மா. விரல் நீட்டினா மூத்திரம். தலையில வெள்ளையா உதிர்ந்தா பொடுகு. கூரையை இடிச்சா சுண்ணாம்பு தலையில கொட்டாம வேற எங்க கொட்டும்?"

வால் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நர்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆளுக்கு அவள் ஷாம்பூ சொல்லிக் கொடுத்திருக்கிறாள்!

"இப்ப எதுக்கு அடைச்சார்னும் புரியுதா? மீட்டிங் அவர் வீட்டு ஹால்ல. நீ இல்லாதப்ப ஏதாவது சாக்கு சொல்லி உள்ள போவார். ஒரு இடி இடிப்பார். எல்லார் காதும் கேக்கும். நீ இங்க இருக்க, இறங்கி வந்து இல்லைன்னு சொல்ல முடியாது. கச்சிதமான ஏற்பாடு."

"அப்ப நாம கீழே போயாகணும்" என்றாள் நர்ஸ். "கதவு?"

மூவரும் கதவைப் பார்த்தார்கள். ஜன்னலில் கம்பி. பால்கனியிலும் கம்பி, அது போட்டபோது திருடன் வரமாட்டான் என்று அவள் சந்தோஷப்பட்டிருந்தாள். பின்படிக் கதவுக்கு ஓடினாள். அதுவும் அசையவில்லை. அந்த மனிதர் கட்டிடம் கட்டுகிறவர் அல்லவா, ஒரு வழியை மறப்பாரா? இந்த வீட்டை விட்டுப் போகச் சொல்கிறவனே, இந்த வீட்டை விட்டுப் போகவும் விடமாட்டேன் என்கிறான்.

வால் ஃப்ரிட்ஜின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிஸ்டர், தண்ணி கேன் போடுறவர் எங்க இருக்கார்?"

"பக்கத்துத் தெருவுல. எதுக்கு?"

"தாகம்" என்றபடி நம்பரை அழுத்தினான். "அண்ணே, ஒரு கேன் தண்ணி. ரொம்ப அவசரம்ணே, தொண்டை காயுது. என்னது, காலையிலதான் போட்டீங்களா? அதெல்லாம் குடிச்சாச்சுண்ணே. குடும்பம் பெருசு."

அதற்குப் பிறகு காத்திருந்த நேரம்தான் நரகம். கீழே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். நர்ஸ் கையைப் பிசைந்துகொண்டு கதவுக்கும் கட்டிலுக்கும் நடந்தாள். கடைசியில் படியில் 'தட தட'வென்று ஏறும் சத்தம் வந்தது. கேனைத் தரையில் வைக்கும் சத்தம். தாழ்ப்பாள் 'கிறீச்' என்று விலகியது. கதவு திறந்ததும் வந்த காற்றை நர்ஸ் முகம் முழுக்க வாங்கிக்கொண்டாள்.

"என்னம்மா இது?" என்று கேன்காரர் விழித்தார். "வெளியே தாழ்ப்பாள் போட்டுட்டு உள்ள இருந்து போன் பண்றீங்க?"

"பாதுகாப்புக்குண்ணே" என்றான் வால். "உள்ள இருக்கிற எங்களை யாரும் திருடிட்டுப் போயிடக் கூடாதுல்ல?"

"மாமாவைத் தனியா விட்டுட்டு..." என்று நர்ஸ் தயங்கினாள்.

"விட்டுத்தான் ஆகணும்" என்றாள் ஸ்டெனோ அம்மா. "இடிக்கிற கை ஒண்ணுகூட இந்த வீட்டுல இருக்கக் கூடாது." மூவரும் வெளியே வந்ததும், அவளே அந்தத் தாழ்ப்பாளைப் பழையபடி போட்டாள்.

கான்ட்ராக்டர் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. ஹாலில் எல்லாரும் கூடியிருந்தார்கள். டீச்சர் ஒரு மூலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். செக்ரட்டரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"வாம்மா. நீ வரமாட்டேன்னு சொன்னதா கான்ட்ராக்டர் சொன்னாரே? இப்பதான் மாத்திரை போடணும்னு உள்ள போனார். இவங்கெல்லாம் யாரு?"

"சொந்தக்காரங்க சார்" என்றான் வால். "தூரத்துச் சொந்தம். மேல் மாடி."

காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலிதான். கான்ட்ராக்டருடையது. ஸ்டெனோ அம்மா நர்ஸை அதில் உட்கார வைத்தாள். நர்ஸ் பேச வாயெடுத்தாள். ஸ்டெனோ அம்மா அவள் தோளை அழுத்தினாள். பேசாதே.

தொம். தொம். தொம்.

ஹாலே அதிர்ந்தது. எல்லாத் தலைகளும் கூரையைப் பார்த்து உயர்ந்தன. "பாத்தியாம்மா!" என்று செக்ரட்டரி நர்ஸைப் பார்த்து விரலை நீட்டினார். "இந்த மாதிரி நீ இடிச்சா மனுஷன் எப்படி..."

நீட்டிய விரல் நீட்டியபடியே நின்றது. அவர் விரலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மறுபடி நர்ஸைப் பார்த்தார். யாரோ ஒருவர் 'களுக்' என்று சிரித்து, அதை இருமலாக்கினார்.

தொம். தொம். பிறகு நின்றது. உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு கான்ட்ராக்டர் வந்தார். சாயம் பூசிய தலை முழுக்க வெள்ளைப் பொடி.

"கேட்டீங்களா சார், உங்க காதாலயே? நான் சொன்னா நம்பலையே! மேல அவ இருக்கிற வரைக்கும் இந்த..." நாற்காலியைப் பார்த்தார். "நீ... நீ எப்படி வெளியே வந்தே?"

"நல்ல கேள்வி" என்றாள் ஸ்டெனோ அம்மா. "ஆனா நீங்க கேட்டிருக்கக் கூடாத கேள்வி. அவளால வெளியே வர முடியாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தக் கிழவன்... அந்தக் கிழவன் இடிச்சிருப்பான்!"

"அவரால ஒரு டம்ளரைத் தூக்க முடியாது!" டீச்சர் எழுந்து நின்றாள். "தாழ்ப்பாளைப் போட்டது இவர்தான். நான் கண்ணால பாத்தேன். அந்தப் பொண்ணு கெஞ்சினா, நான் திறக்காம வந்துட்டேன். டியூஷனை நிறுத்தினா நிறுத்திக்குங்க சார்."

வால் இதற்குள் உள்ளே போய், நுனியில் துணி சுற்றிய நீளமான கம்பு ஒன்றோடு திரும்பியிருந்தான். "ஒட்டடைக் கம்பாம் மேடம். ஆனா ஒட்டடை மட்டும் எங்கேயும் கலையல. தூணுக்குப் பக்கத்துல ஒரே இடத்துல கூரை பெயர்ந்து கிடக்கு."

செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றினார். "அந்த வீடு உன் பையனுக்கு வேணும்னு ஓனர்கிட்ட நடையா நடந்தியே, இதுக்குத்தானா? நாங்களும் முட்டாள் மாதிரி இந்தப் பொண்ணைக் காலி பண்ணச் சொல்ல இருந்தோம்!"

நர்ஸ் எழுந்தாள். "தூக்கம் இல்லாம நான் ஒருத்தருக்கு ஊசியை மாத்திப் போடப் பாத்தேன் சார். போட்டிருந்தா ஒரு உயிர் போயிருக்கும். உங்க பையனுக்கு வீடு வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாம். முடியாதுன்னு சொல்லியிருப்பேன், அவ்வளவுதானே?" அவர் தலையைப் பார்த்தாள். "அந்த ஷாம்பூவை வாங்காதீங்க. அது இதுக்குக் கேக்காது."

மாடி ஏறியபோது கால் பறந்தது. தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறந்து, நேராகக் கட்டிலருகே போய் மண்டியிட்டாள்.

"மாமா, கீழ் வீடு! நீங்க கீழ் வீட்டைத்தான் காட்டினீங்க. எனக்குப் புரியல மாமா. கூறு கெட்டவ நான். நீங்க சொல்லிக்கிட்டேதான் இருந்தீங்க." அவள் விம்மி விம்மி அழுதாள். கிழவரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பு. அவர் சிரித்து அவள் பார்த்து எவ்வளவோ காலம் ஆகிறது.

பிறகு அவர் விரலை நீட்டி, கீழே, கீழே என்று காட்டினார்.

"ஆமா மாமா, அவர் இனி வாலாட்ட மாட்டார். எல்லாரும் அவரைப் பிடிபிடின்னு பிடிச்சிட்டாங்க."

அவர் தலையை ஆட்டினார். விரல் இன்னும் வேகமாக ஆடியது. கீழே. கீழே!

வாசலில் நின்றிருந்த ஸ்டெனோ அம்மா வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். "சீக்கிரம் எடும்மா" என்று குரல் மட்டும் கொடுத்தாள். "இந்தத் தடவை நிஜமாவே பெட்பேன்தான்."